மரியாதை ஊசி

மருதாசலம் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கூடத்துக்குள் வந்தபோது, சோபாவில் உட்கார்ந்திருந்த மகள் கோகிலவாணி எழுந்து நின்றாள். ஏதோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் எங்கும் போகவில்லை. அவர் நாற்காலியில் உட்காரும்வரை நின்றாள். அவர் உட்கார்ந்ததும் அவளும் உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி, ஊசி போட்டாச்சா?"

"நேத்து சாயங்காலம் போட்டாங்கப்பா. பேங்க்குக்கே வந்து எல்லாத்துக்கும் போட்டுட்டுப் போயிட்டாங்க."

காதுக்குப் பின்னால் கொசுக்கடி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. வேறு எந்த மாற்றமும் இல்லை.

அந்த ஊசிக்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாதது. கோயம்புத்தூரில் எல்லோரும் மரியாதை ஊசி என்றே சொன்னார்கள். வயதான தாய் தகப்பனைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிடுவதும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் நம்பரை மாற்றிக்கொள்வதும், வீட்டுக்குள்ளேயே அவர்களைக் கை நீட்டி அடிப்பதும் பெருகிப்போன பிறகு வந்த ஊசி. முதலில் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் போட்டார்கள். பிறகு நர்சுகள், கண்டக்டர்கள், வங்கி ஊழியர்கள். இப்போது பெண் பார்க்க வருகிறவர்களே 'ஊசி போட்டாச்சுங்களா' என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மருதாசலம் எழுபதைத் தாண்டியவர். கணபதி பகுதியில் ஒரு பவுண்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் அவரும் கோகிலாவும்தான். இரண்டு பேரும் வாயைத் திறந்தால் சண்டை. கொங்குச் சீமையில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. "உங்களுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யாதுங்களா, மூளையும் செய்யாதுங்களா?" என்று அவள் கேட்பாள். "எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டயா, அக்கட்டால போ!" என்று, அந்தப் பக்கம் போகச் சொல்லி அவர் ஜன்னல் அதிரக் கத்துவார். கொஞ்ச நேரம் கழித்து அவரே காபி கலந்து கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைப்பார். அப்பன் மகள் என்றால் இப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

ஊசி போட்ட பிறகு சண்டை நின்றுபோனது. முதலில் அவருக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். அவரும், அதே குடியிருப்பில் வசிக்கும் பழைய பவுண்டரி நண்பர் ராக்கியப்பனும் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். நாற்காலிகள் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. மண்டபத்தில் இருந்த இளவட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இடுப்பில் குழந்தையை வைத்திருந்தவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் பாதிச் சோற்றில் இருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"ராஜாவாட்ட இருக்குது மருதாசலம்," என்றார் ராக்கியப்பன்.

"ஆமாங்கண்ணே," என்றார் மருதாசலம். ராக்கியப்பன் அவருக்கு மூத்தவர்.

உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தார். அத்தனை பெரிய மண்டபத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது கிழவர்களிடமிருந்து மட்டும்தான். மற்றவர்கள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கல்யாணச் சாப்பாடு தந்த தெம்பில், பழைய பேச்சை எடுத்தார். பல்லடத்தில் ஒரு மாப்பிள்ளை. பத்து வருஷமாக அவர் சொல்வதும் அவள் மறுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்த விஷயம். மனைவியை இழந்தவன். கோகிலாவுக்கு அவன் பெயரைச் சொன்னாலே ஆகாது.

"அவனைக் கட்டிக்கிறயா, இல்ல இப்படியே காலத்தை ஓட்டறயா?"

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சண்டைக்குத் தயாரானார்.

"சரிங்கப்பா. எப்பங்க?"

"என்ன, வெளையாடறயா?"

"இல்லீங்கப்பா. நீங்க சொன்னாச் சரிங்க."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் அவருடைய நெற்றியிலும் வாயோரத்திலும் மாறி மாறி நின்றன. பொங்கப் போகும் பாலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பத்து வருஷம் கேட்டது கைக்கு வந்துவிட்டது. மருதாசலம் அவள் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம். சும்மா கேட்டேன்," என்றார்.

"சரிங்கப்பா," என்றாள் அதே சிரிப்போடு.

சில நாள் கழித்து அவருடைய காது மெஷினைத் துடைக்கும்போது அவள் கீழே போட்டுவிட்டாள். பழக்க தோஷம். "எங் கண்ணு முன்னால நிக்காத! அக்கட்டால போ!" என்று கத்திவிட்டு வெளியே கிளம்பிப் போனார். ராக்கியப்பனோடு டிபன் சாப்பிட்டார். மழை பிடித்துக்கொண்டதால் ஓட்டலிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு காலியாக இருந்தது.

"கோகிலா?"

பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சாரல் அடித்துத் தலையிலிருந்து கால்வரை சொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"இங்க என்ன அம்மிணி பண்றே?"

"அக்கட்டால போகச் சொன்னீங்கப்பா. எது வரைக்கும்னு சொல்லலீங்க."

அவர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். அவள் உடனே அவர் முகத்தைப் பார்த்து, "கோவமுங்களா?" என்று கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ராக்கியப்பனின் மகன் அருள்குமரன் செத்துப்போனான்.

அவனுக்கு வயிற்று வலி. அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். "வாயுதான்டா, பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி. ஒண்ணுமில்ல, வேலையப் பாரு," என்று ராக்கியப்பன் சொல்லியிருக்கிறார். எந்த அப்பனும் சொல்வதுதான். அதற்குப் பிறகு அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. சிரித்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறான். ஆபீசில் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்து விஷம் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ராக்கியப்பன் மருமகளிடம், "உங்கிட்டயாச்சும் வலிக்குதுன்னு சொன்னானா கண்ணு?" என்று கேட்டார்.

"சொன்னாருங்க மாமா. ஆனா நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்க, அதனால ஒண்ணுமில்லன்னும் சொன்னாருங்க." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. கண் மட்டும் அழுது வீங்கியிருந்தது. "காபி குடிக்கறீங்களா மாமா? காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்களே."

ராக்கியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். சுற்றி நின்ற இளைஞர்களைப் பார்த்துக் கத்தினார்.

"எம் பையனை நாந்தான்டா கொன்னேன்! யாராவது என்னைத் திட்டுங்கடா! வாயைத் தொறந்து திட்டுங்கடா!"

மருமகள் முதலில் தொடங்கினாள்.

"நீங்க பண்ணது தப்புங்க மாமா."

"ஆமாங்க, தப்புங்க பெரியப்பா," என்றான் ஒருவன். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கணுமுங்க," என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருவராக, கை கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் குரலில் திட்டினார்கள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, இது போதுமா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தார்கள். போதவில்லை என்று தெரிந்ததும் அடுத்தவர் தொடர்ந்தார். கோகிலாவும் அந்தக் கூட்டத்தில் நின்று, "பாவம் பண்ணிட்டீங்க மாமா," என்றாள்.

"நிறுத்துங்க!" என்று மருதாசலம் அலறிய பிறகுதான் நின்றது.

ராக்கியப்பன் அதற்குப் பிறகு பேசவில்லை. குடியிருப்புப் பூங்காவுக்கு வருவார், பெஞ்சில் உட்காருவார், போய்விடுவார். தன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் அது யார் தலையில் விழும் என்று பயந்தவர் போல உதடுகளை இறுக்கி மூடியிருந்தார்.

மருதாசலம் ஊசி போடும் மையத்துக்குப் போனார். அங்கே டாக்டர் நிலோஃபருக்கு நாற்பது வயது இருக்கும். மருதாசலத்தைக் கண்டதும் டாக்டர் எழுந்து நின்றார்.

"இதை எடுக்க முடியுமாம்மா?"

டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "முடியும்னு சொன்னா உங்களுக்கு சந்தோஷமா, முடியாதுன்னு சொன்னா சந்தோஷமா ஐயா?"

மருதாசலம் திகைத்துப் போனார். டாக்டரும் தான் கேட்டதைத் தானே கேட்டுத் திகைத்தவர் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. நானும் போட்டவதான். உங்க முகத்தைப் பாத்துட்டு என்னால நிஜத்தைப் பேச முடியாது. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். நீங்க குரலை ஏத்தாம இறக்காம, பேப்பர் படிக்கற மாதிரி கேளுங்க."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகைப் பார்த்து மருதாசலம் பேசினார்.

"அது உள்ள போய் என்ன பண்ணுது?"

"பெரியவங்க மனசு கோணினா எல்லாருக்கும் கொஞ்சம் சுருக்குனு இருக்கும் இல்லீங்களா? அந்தச் சுருக்கைப் பல மடங்கு பெருசாக்குது. அவ்வளவுதான். நாங்க யாருக்கும் கீழ்ப்படியறதில்ல ஐயா. வலிக்கற பக்கம் போறதில்ல. அடுப்புல கை வைக்காத மாதிரி."

"அது எங்க மனசு கோணிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்குது?"

"முகத்தைப் பாத்து. குரலைக் கேட்டு. வேற வழி இல்ல."

"எடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா போட்டவங்களே தன் சொந்த விருப்பத்துல வந்து கேக்கணும். பெரியவங்க யாராவது சொல்லி வந்தா எடுக்கக் கூடாதுன்னு சட்டம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து கேட்டதில்ல. எடுத்தா வீட்டுல பெரியவங்க முகம் சுளிக்குமேன்னு நெனச்சாலே வலிக்கும். அந்த நெனப்புக்கே யாரும் போறதில்ல."

"என்ன கண்றாவி சட்டம்! எடுத்துத் தொலைங்க எல்லாத்தையும்!"

அவர் கத்தியது அந்த அறைக்கு மிகப் பெரிய சத்தம். டாக்டரின் முதுகு வில்லாக வளைந்தது. மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

"சரிங்கய்யா. எடுத்துடலாம். இன்னிக்கே எடுத்துடலாங்கய்யா. சட்டம் கெடக்குதுங்கய்யா."

மருதாசலம் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்தார். தன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். டாக்டரின் கை மேசையை விட்டதும், வாழ்க்கையில் முதல்முறையாக ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்களுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். எம் மூஞ்சியை என்ன பண்ண முடியும்?"

டாக்டர் சொன்னார். சுருக்கம் போக்குவதற்கு முகத்தில் போடும் மருந்து ஒன்று பல காலமாக இருக்கிறது. அதையே கூடுதலாகப் போட்டால் முகத் தசை அசையாது. மெல்ல முடியும், விழுங்க முடியும். சிரிக்கவோ முறைக்கவோ முடியாது. சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். குரலுக்குப் பதில் போனில் எழுதி அதைப் பேசவிட்டால், கோபமும் பாசமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

"வீட்டுல நீங்க இருக்கற மாதிரியே இருக்காது ஐயா," என்றார் டாக்டர் சுவரைப் பார்த்து.

"போடுங்க."

முகம் மரத்து வீட்டுக்கு வந்தார். கோகிலாவுக்கு முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. இருட்டறையில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி அவர் முகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். காபியைக் கொண்டுவந்து வைப்பாள், முகத்தைப் பார்ப்பாள், எடுத்துப்போய் வேறு காபி கொண்டுவருவாள். "நல்லா இருக்குதுங்களாப்பா? சொல்லுங்கப்பா." போன், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். அதில் நன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். மருதாசலம் கதவு ஓரம் நின்று பார்த்தார். பக்கத்தில் போனால் தன் கண்ணீரே ஒரு கட்டளையாகிவிடும் என்று போகாமல் இருந்தார். கத்துவதற்கு வேண்டாத வலு, கத்தாமல் இருப்பதற்கு வேண்டியிருந்தது.

மெல்ல மெல்ல அவள் தேடுவதை விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டிவியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனில் எழுத, "சத்தத்தைக் குறை" என்றது அது.

"முடியாதுங்க. கிளைமாக்ஸ் ஓடுது. உங்களுக்கு வேணும்னா ரூமுக்குப் போய்ப் படுங்க."

மருதாசலம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகம் அசையாமல் வயிறு மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தபோது அதில் ஒரு சவம் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் பூங்காவில் பரவியது. ராக்கியப்பன் முதலில் போய்ப் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக. சாயங்காலங்களில் பெஞ்சுகளில் வரிசையாக அசையாத முகங்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றைச் சுற்றி இளைஞர்கள் ஓடினார்கள், கத்தினார்கள், ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். புதிதாக அந்தப் பக்கம் வருகிறவர்கள் அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனார்கள்.

ஒருநாள் வங்கியிலிருந்து வந்த கோகிலா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் உட்காரும்வரை காத்திருக்கவில்லை.

"அப்பா, டாக்டரைப் பாத்துட்டு வந்தனுங்க. எனக்கு ஊசியை எடுத்துடுங்கன்னு கேட்டுட்டேன். யாராவது சொல்லி வந்தீங்களான்னு கேட்டாங்க. எங்கப்பா மனசுல என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்கன்னு சொன்னேன். அடுத்த வாரம் எடுக்கறாங்க."

மருதாசலத்தின் கை போனைத் தேடித் துழாவியது. எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. கடைசியில் போன் பேசியது. "நானும் இதை நிறுத்திவிடுகிறேன் அம்மிணி. பழையபடி இருக்கலாம்."

கோகிலா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கப்பா. இல்ல, எடுத்துக்கிட்டாலும் பரவால்லீங்க." நிமிர்ந்தாள். "நீங்க இதை நிறுத்த வேண்டாமுங்க."

அவர் போனில் விரலை வைப்பதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"சின்ன வயசுல இருந்து, வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குமுங்க. உள்ள நீங்க எந்தச் சத்தத்துல இருக்கறீங்கன்னு காது வெச்சுக் கேட்டுட்டுத்தான் வருவேன். நான் உங்களை எதுத்துப் பேசுனதெல்லாம் தைரியத்துல இல்லீங்கப்பா. பயத்துல. நாய் குலைக்குமே, அப்படி. ஊசி போட்டப்போ அந்தப் பயம்தான் பெருசாச்சு, புதுசா எதுவும் வரலீங்க. இப்ப இந்த ஆறேழு மாசமாத்தான் இந்த வீட்டுல நான் நிம்மதியாத் தூங்கறேன். உங்க சத்தம் இல்லாம. அந்த முறைப்பு இல்லாம." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "இப்ப இருக்கற அப்பா எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

அவர் எழுதினார். அழித்தார். நீளமாக ஒன்று எழுதினார், அதையும் அழித்தார். காபி கலந்து கொண்டுவந்து வைப்பேனே, அது நினைவில்லையா என்று கேட்டு எழுதியதைக் கடைசியாக அழித்தார்.

"சரி," என்றது போன்.

"தேங்க்ஸ்ங்கப்பா," என்று கோகிலா எழுந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

மருந்தின் வேகம் இறங்கத் தொடங்கி, வாயோரம் லேசாக இழுக்க ஆரம்பித்த நாளில், மருதாசலம் டாக்டர் நிலோஃபரிடம் போனார். டாக்டர் வழக்கம்போல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மருந்தைத் தயார் செய்தபடி கேட்டார்.

"உங்க பொண்ணுக்குத்தான் எடுத்தாச்சே ஐயா. இன்னும் எதுக்கு உங்களுக்கு? வீட்டுல யாராவது சொல்லி வந்தீங்களா?"

மருதாசலம் போனில் எழுதினார்.

"இல்லை," என்றது அது. "என் சொந்த விருப்பம்தான்."